அடிபட்ட பருந்தும் ஆந்தையும்: காப்பகத்தில் கூண்டு முதல் பறக்கவிடுவது வரை

தமிழக–கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரக் காப்பகங்கள் தயாராக இருக்க வேண்டியது முக்கியமாக ஐந்து வகைப் பறவைகளுக்கு: ஊர்ப்பருந்து, செம்பருந்து, வல்லூறு, கூகை, புள்ளி ஆந்தை. மின்கம்பி, இரவு லாரி, தோட்டத்து நைலான் வலை, தென்னை வெட்டும்போது சரியும் கூடு என்று காரணம் எதுவானாலும், எலும்பை டாக்டர் பார்த்துக்கொள்வார். எலும்பு கூடும்வரை இறகும் பாதமும் கெடாமல் காப்பதுதான் காப்பகத்தின் வேலை. எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும். கம்பியில் அடித்து ஒடிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை முளைக்காது. ஒரு வருடம்கூட ஆகலாம்.

முதலில் வனத்துறைக்குத் தகவல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பறவை கிடைத்த இடம் செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் என்று அன்றே எழுதி வையுங்கள். எந்த மாநில எல்லைக்குள் கிடைத்ததோ அந்த வனத்துறையிடம்தான் பேச வேண்டும். அவர்களின் எழுத்து அனுமதி இல்லாமல் பறவையோடு எல்லை தாண்டாதீர்கள்.

முதல் நாள்

தடித்த தோல் கையுறை (வெல்டிங் கையுறை போதும்), ஒரு பெரிய துண்டு. துண்டைத் தலைமேல் போட்டு, பின்னாலிருந்து இரண்டு தோளையும் சேர்த்து அணைத்து, உடனே கால்களைப் பிடியுங்கள். அலகு கொத்தும், அவ்வளவுதான்; நகம் இறங்கினால் விடாது. நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. பறவைக்கு நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு.

பறவை நின்று திரும்பும் அளவுள்ள அட்டைப்பெட்டியில், சுவரின் கீழ்ப்பகுதியில் ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து, இருட்டான அறையில் வையுங்கள். செய்தித்தாள் வழுக்கும். கோழிக்கூண்டு, பூனைக்கூண்டு எதுவும் வேண்டாம்.

சமையல் தராசில் எடை பாருங்கள். நெஞ்செலும்பு கத்தி முனைபோல் தட்டுப்பட்டால் பல நாள் பட்டினி என்று பொருள். அதற்கு முதலில் வேண்டியது நீர், கறி அல்ல. 38 டிகிரிக்குச் சூடாக்கிய ரிங்கர் லாக்டேட் என்ற சலைன் திரவத்தை உடல் எடையில் 5 சதவீதம் அளவுக்குத் தோலுக்கடியில் டாக்டர் ஏற்றுவார். 600 கிராம் பருந்துக்கு 30 மில்லி. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் நாக்கின் வேர்ப்பகுதியிலேயே திறக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, தோலும் எலும்பும் நீக்கிய கறித்துண்டைத் தண்ணீரில் நனைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பட்டினி கிடந்த பறவைக்கு முழுக் கோழிக்குஞ்சைக் கொடுத்தால் செரிக்காமல் தீனிப்பையிலேயே அழுகும். பாலும் சோறும் எந்த நாளும் கூடாது.

மாட்டுக்கு வாங்கிய வலி ஊசி கைவசம் இருந்தாலும் தொடாதீர்கள். பாறுக் கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்தது. கீட்டோபுரோஃபெனுக்கும் அசிக்ளோஃபெனாக்குக்கும் 2023-ல். மெலாக்சிகம்தான் பாதுகாப்பானது, அளவை டாக்டர் சொல்லட்டும்.

மின்சாரம் தாக்கிய பறவையைப் பார்த்து ஏமாற வேண்டாம். முதல் நாள் கண் பளிச்சென்று இருக்கும். ஒரு வாரத்துக்குள் விரலோ சிறகு நுனியோ கறுத்துக் காய்ந்துபோகும். மூட்டுக்குள் முறிவு, வெளியே நீட்டிக் காய்ந்து கறுத்த எலும்பு, இரண்டு கண்ணும் போனது: இவை மூன்றும் திரும்பப் பறக்காது. வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி டாக்டரோடும் வனத்துறையோடும் அன்றே பேசுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இரக்கம் ஆகாது.

சிறகுக் கட்டு எட்டு வடிவில், இறகில் ஒட்டாத, தன்மேல் தானே ஒட்டும் பட்டையால். பிளாஸ்திரி இறகைப் பிடுங்கிக்கொண்டு வரும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை டாக்டர் மயக்கம் கொடுத்துச் சிறகை மெல்ல நீட்டி மடக்க வேண்டும். அப்படியே விட்டால் சிறகின் முன்பக்கத் தோல் சுருங்கி, எலும்பு கூடியும் சிறகு விரியாது.

சிகிச்சைக் கூண்டு

பருந்துக்கு ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பிளைவுட் பெட்டி. முன்பக்கம் மட்டும் செங்குத்துச் சட்டங்கள், அதன்மேல் துணித் திரை. வாலுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை உறைபோல மடித்துக் கட்டுங்கள்.

அதிகம் கெடுவது பாதம். வழவழப்பான பைப்பிலோ தரையிலோ நாள் முழுக்க நின்றால் உள்ளங்கால் தோல் தேய்ந்து, கிருமி புகுந்து வீங்கும். முற்றினால் எலும்புக்கே போகும். பருந்துக்கு மூன்று நான்கு செ.மீ. தடிமனும், வல்லூறுக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தடிமனும் உள்ள கொம்பில் கயிறு சுற்றுங்கள். இரண்டு மூன்று தடிமன் கலந்து வைத்தால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. வாரம் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். செதில் மழுங்கிச் சிவந்திருந்தால் அதுதான் தொடக்கம்.

பொள்ளாச்சிப் பக்கம் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழைக்காலத்தில் நனைந்தால் பூசணம் பிடிக்கும், அன்றே மாற்றுங்கள். சும்மா கிடைக்கிறதே என்று நார்க்கழிவையோ வைக்கோலையோ தரையில் போடவே கூடாது. அதிலிருந்து பூஞ்சை வித்து நுரையீரலுக்குப் போனால் பிழைப்பது அரிது.

தீனி

பருந்துக்கு எடையில் 10 முதல் 15 சதவீதம், வல்லூறுக்கு 20 சதவீதம். ஒருநாள் கோழிக்குஞ்சு 35–40 கிராம் இருக்கும். வல்லூறுக்கு ஒன்று, பருந்துக்கு இரண்டு. குஞ்சு பொரிப்பகங்களில் கேட்டு வாங்கி உறையவைத்து, மஞ்சள் கருப்பையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். எலும்பில்லாத கறி மட்டுமே தின்ற இளம்பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு ரப்பர்போல் வளையும். புறா வேண்டாம், தொண்டைப்புண் தொற்றும். வீடுகளில் பிடித்த எலியும் வேண்டாம், விஷம் தின்றிருக்கலாம். ரோமமும் எலும்பும் சேர்த்துக் கொடுத்தால், அது உருண்டையாக வெளியே வந்த பிறகே அடுத்த தீனி.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், 2024-ல் ஆலப்புழையில் வந்ததுபோல, வாளையாற்றில் கோழி வண்டிகளைச் சோதிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சமயத்தில் குஞ்சு வாங்குவதை நிறுத்திவிட்டு, புதிதாக வரும் பறவையைத் தனி அறையில் வையுங்கள்.

பறக்கும் கூண்டு

பருந்துக்கு 15 மீட்டர் நீளத்துக்குக் குறைந்தால் பயனில்லை. உயரம் மூன்று மீட்டராவது வேண்டும். வல்லூறுக்கும் சிறு ஆந்தைக்கும் ஆறு முதல் ஒன்பது மீட்டர். சுவருக்குக் கமுகுச் சட்டங்களைச் செங்குத்தாக இரண்டரை செ.மீ. இடைவெளியில் அடியுங்கள், மோதினாலும் இறகு ஒடியாமல் வழுக்கி இறங்கும். அதற்கு வெளியே அரை அங்குல வெல்டுமெஷ், மண்ணுக்குள் ஓரடி. இல்லையென்றால் கீரியும் மரநாயும் பாம்பும் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்குச் சுவரை மட்டும் அடைத்துக் கட்டுங்கள். தரைக்குக் கூழாங்கல், நீர் வடிய.

தினம் இரண்டு வேளை முனையிலிருந்து முனைக்குப் பறக்க வையுங்கள். பத்து முறை போய்வந்தும் வாய் திறந்து இளைக்காமல், இரண்டு சிறகும் ஒரே மட்டத்தில் நின்றால் தயார். வல்லூறு இரையைத் துரத்திப் பிடிப்பது, அதற்குச் சிறு குறையும் கூடாது. குப்பைமேட்டில் பொறுக்கும் ஊர்ப்பருந்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

பிடிபட்ட இடத்துக்கு அருகிலேயே, மூன்று நாளாவது மழையில்லாத நேரம் பார்த்து விடுங்கள். பருந்தைக் காலையில், ஆந்தையை அந்தி சாய்ந்த பிறகு. பகலில் விட்டால் காக்கைக் கூட்டம் விரட்டும். கூட்டிலிருந்து விழுந்த, காயமில்லாத குஞ்சுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அடியில் ஓட்டையுள்ள கூடையை அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ கட்டி, குஞ்சை உள்ளே வைத்து, தூரத்திலிருந்து கவனியுங்கள். மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது.