வருடக்கணக்கில் வேலையில்லாமல் இருப்பவருக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று, நான்கு வருடமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஒருவரை மறுபடி வேலைப் பக்கம் கொண்டுவர முயல்பவர்கள் பெரும்பாலும் அண்ணன், அக்கா, கூடப் படித்த நண்பர் என்று அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் பலர் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் தன்னம்பிக்கையை ஏற்றிவிடுவோம், அப்புறம் அவனே வேலை தேடுவான் என்று நினைத்து வாட்ஸ்அப்பில் மோட்டிவேஷன் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-லேயே எழுதியது இதுதான்: ஒருவருக்குத் தன்மேல் நம்பிக்கை வலுவாக வருவது தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவத்தில். பேச்சின் பலம் அதற்கு ரொம்பக் கீழே.

அதனால் வீடியோவை விடுங்கள். முடிவு தேதி உள்ள, இன்னொருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு சின்ன வேலையைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். பி.காம் படித்தவர் என்றால் தெரிந்த கடைக்காரரின் ஒரு மாத ஜிஎஸ்டி பில்களை எக்செல்லில் ஏற்றித் தரட்டும், சிவில் படித்தவர் பக்கத்தில் வீடு கட்டும் மேஸ்திரிக்கு அளவு எடுத்துக் கொடுக்கட்டும். சும்மா வாங்காதீர்கள், சிறு தொகையாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சோம்பேறி என்ற சொல். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரின் ஆலை மூடப்பட்ட பிறகு, 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மாரி யஹோடாவும் அவருடைய குழுவும் அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்தார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்து, வழியில் நின்று நின்று போனார்கள். நேற்றுவரை ஆலையில் உழைத்தவர்கள்தானே அவர்கள்? வேலை போனதும் நாளுக்கு இருந்த சட்டகம் போய்விடுகிறது, போக ஓர் இடமும் பார்க்க நாலு பேரும் இல்லாமல் போகிறது. காலை பதினொரு மணிக்கு எழுகிறவரைத் திட்டுவதைவிட, ஒன்பது மணிக்கு அவரைப் போக வைக்கும் ஓர் இடத்தைத் தேடிக் கொடுப்பது பலன் தரும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, யாரிடமும் பேசாமல் இருந்தால் விஷயம் வேலையைத் தாண்டிப் போய்விட்டது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் “என்னப்பா, ஏதாவது ஆச்சா?” என்று கேட்கவே வேண்டாம். கேட்டால், அடுத்த விசேஷத்துக்கு அவர் வரமாட்டார். வேலை பற்றிய தகவல் பாதி அப்படிப்பட்ட இடங்களில்தான் காதில் விழும், அதுவும் போச்சு.

நான் அதிகம் பயப்படுவது இடைவெளியை மறைக்கச் சொல்லும் அறிவுரைக்கு. இரண்டு வருட அனுபவம் என்று போலிச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், பேக்டோரில் சேர்த்துவிடுகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள், நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். பல நிறுவனங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்தே பழைய வேலையைச் சரிபார்க்கின்றன. சேர்ந்த பிறகு பிடிபட்டால் வேலையும் பணமும் போய், அவர் பழைய இடத்தைவிடக் கீழே விழுவார். குரூப் 2, குரூப் 4 என்று நான்கு வருடம் படித்தவர் அதை அப்படியே சொல்லலாம்: “அரசுத் தேர்வுக்கு முழுநேரமாகப் படித்தேன், தேர்வாகவில்லை, இப்போது ஆறு மாதமாக டேலி கற்றுக்கொண்டு ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன்.” முன்பாதி உண்மை, பின்பாதி இன்றைய செயல். இரண்டும் சேர்ந்தால் கேட்பவருக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அந்த வருடங்களை வீண் என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

இன்று ஏதோ ஒரு வேலையில் இருந்தால் பழைய இடைவெளி பெரிதாகத் தெரியாது என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. ஸ்வீடனில் எரிக்சன், ரூத் என்ற இரு ஆய்வாளர்கள் கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், 2014-இல் முடிவுகள் வெளியாயின. இப்போது ஒன்பது மாதத்துக்கு மேல் சும்மா இருப்பவருக்கு, குறைந்த அல்லது நடுத்தரத் திறன் போதுமான வேலைகளில், அழைப்பு குறைந்தது. எப்போதோ சும்மா இருந்து, பிறகு ஏதோ வேலையில் சேர்ந்தவரிடம் பழைய இடைவெளியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊர் வேறு, சந்தை வேறு, இருந்தாலும் “இன்ஜினியரிங் படிச்சுட்டு இந்தச் சம்பளத்துக்கா?” என்று தடுக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

தினமும் ஐம்பது விண்ணப்பம் என்று இலக்கு வைப்பதும் வேண்டாம், ஐம்பது மௌனம்தான் திரும்பி வரும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்குக் கட்டணமில்லை, நேரில் ஒருவரிடம் பேசிப் பழகவாவது போகலாம். முதல் தடவை கூடப் போங்கள், ஆனால் மேசைக்கு அவரே போகட்டும். அவருக்காக நீங்கள் பேசினால் போனதே வீண்.

நிராகரிப்பைப் பற்றி முன்கூட்டியே பேசாமல் விடுவது இன்னொரு தவறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ‘ஜாப்ஸ்’ என்ற திட்டத்தில், வேலை இழந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்து நேர்காணலைப் பயிற்சி செய்ததோடு, “கிடைக்கவில்லை என்றால் மறுநாள் என்ன செய்வீர்கள்?” என்பதையும் அவர்களையே யோசிக்க வைத்தார்கள். கலந்துகொண்டவர்களுக்கு வேலை கிடைப்பதும் கூடியது, மனச்சோர்வும் குறைந்தது. நாலைந்து பேர் இருந்தால் வாரம் ஒருமுறை யார் வீட்டு மாடியிலும் இதைச் செய்யலாம்.

வேலை கிடைத்ததும் வாழ்த்திவிட்டு ஒதுங்கிவிடுகிறோமே, அங்கேதான் பலர் உடைகிறார்கள். வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவருக்கு எட்டு மணி நேரம் உட்காருவதே உடம்பு வலிக்கும், தன்னைவிட ஐந்து வயது சின்னவர் டீம் லீடராக இருப்பார், முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அவர் வாய்விட்டுக் கேட்கும் முன் பணம் கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் தினமும் சாயங்காலம் ஒரு போன் போட்டு, இன்று என்ன வேலை கொடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.