பிளேடு சேஸியில் ஏ, பி என்னும் இரு பாதைகளைக் கலக்காமல் பராமரிக்கும் முறை

சிஸ்கோ யுசிஎஸ் 5108 சேஸி (பிளேடுகள் எனப்படும் மெல்லிய சர்வர்களைத் தாங்கும் பெட்டி) ரேக்கில் 6 யூ (ரேக்கின் உயர அலகு) உயரம் கொண்டது. அதற்குள் 8 அரை அகல பிளேடுகள், 4 பவர் சப்ளைகள், 8 மின்விசிறிகள், 2 ஃபேப்ரிக் எக்ஸ்டெண்டர்கள் (பிளேடுகளின் நெட்வொர்க்கை வெளியே கொண்டுசெல்லும் பகுதிகள்) அடங்கும். பிளேடு ஒன்றில் 30 விஎம்கள் (மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் சர்வர்கள்) ஓடுவதாக வைத்துக்கொண்டால், 240 சர்வர்கள் ஒரே இரும்புப் பெட்டியை நம்பி நிற்கின்றன. ஆகவே இந்த வகைச் சாதனத்தில் எல்லாம் இரட்டையாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. மின் இணைப்பு, நெட்வொர்க், ஸ்டோரேஜ் ஆகிய மூன்றும் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரிந்து வருகின்றன. இரட்டையாக வாங்குவது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. ஏ பக்கத்தில் தொடங்கிய பாதை சுவர் பிளக்கிலிருந்து லன் (ஸ்டோரேஜ் ஒதுக்கித் தரும் வட்டுப் பகுதி) வரைக்கும் ஏ பக்கத்திலேயே செல்ல வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பி பக்கத்தோடு கலந்தாலும் இரண்டும் ஒன்றாகவே விழும். இந்த வழிகாட்டி யுசிஎஸ், விஸ்ஃபியர் (விஎம்களை இயக்கும் மென்பொருள்), ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) ஸ்டோரேஜ் ஆகியவை சேர்ந்த அமைப்பை எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. ஹெச்பி சி7000 வைத்திருப்பவர்களுக்கும், 2021-இல் வந்த எக்ஸ் சீரிஸுக்கு மாறியவர்களுக்கும் பெயர்கள் வேறுபடும், ஆனால் தர்க்கம் ஒன்றுதான்.

மின்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். நான்கு பவர் சப்ளைகளில் முதல் இரண்டை ஏ பிடியூவிலும் (ரேக்குக்கு மின்சாரம் பகிரும் சாதனம்), அடுத்த இரண்டை பி பிடியூவிலும் இணைத்து, யுசிஎஸ் மேனேஜரில் (முழு அமைப்பையும் நிர்வகிக்கும் மென்பொருள்) பவர் பாலிசியை கிரிட் (இரு தனி மின் பாதைகள்) என்று வையுங்கள். என் பிளஸ் 1 (தேவைக்கு மேல் ஒன்று கூடுதல்) என்ற அமைப்பு ஒரு பவர் சப்ளை பழுதாவதைத் தாங்கும். ஒரு முழு மின் பாதை போவதைத் தாங்கும் என்று அதிலிருந்து உறுதி கொள்ள முடியாது. ஒரு பிடியூ விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் தூக்க வேண்டியிருப்பதால், சாதாரண நாள்களில் எந்தப் பிடியூவின் சுமையும் அதன் கொள்ளளவில் பாதியைத் தாண்டக் கூடாது. காலியான ஸ்லாட்டுகளை மூடும் தகடுகளையும் எடுத்து எறிந்துவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் காற்று தவறான வழியில் ஓடி, இருக்கும் பிளேடுகள் சூடாகும்.

நெட்வொர்க்கில்தான் குழப்பங்கள் அதிகம். சேஸியின் முதல் எக்ஸ்டெண்டரிலிருந்து வரும் கேபிள்கள் எல்லாம் ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் (சேஸிகளை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் சுவிட்ச்) ஏ-வுக்கும், இரண்டாவதிலிருந்து வருபவை பி-க்கும் மட்டுமே செல்ல வேண்டும். குறுக்கே இணைப்பதற்கு இங்கே இடமே இல்லை. இரண்டு இன்டர்கனெக்ட்களுக்கும் இடையே எல்1, எல்2 என்று இரண்டு கேபிள்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, தரவும் அவ்வழியே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றில் கிளஸ்டர் நிர்வாகச் செய்திகள் மட்டுமே போகின்றன. ஆகவே ஒரு பிளேடின் ஏ பக்க விநிக்கிலிருந்து (மெய்நிகர் நெட்வொர்க் அட்டை) இன்னொரு பிளேடின் பி பக்க விநிக்குக்குச் செல்லும் பாக்கெட், மேலே உள்ள சுவிட்ச் வரை ஏறி, மறுபடியும் இறங்கித்தான் வர வேண்டும். இதனால் விமோஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் வசதி) போக்குவரத்தை எல்லா ஹோஸ்ட்களிலும் (விஎம்களை இயக்கும் பிளேடுகள்) ஒரே பக்கத்தில், உதாரணமாக ஏ-வில் ஆக்டிவாகவும் பி-யில் ஸ்டாண்ட்பையாகவும் வைப்பது நல்லது. அப்படி வைத்தால் பெரிய விஎம்களை நகர்த்தும்போது அந்தச் சுமை மேல் சுவிட்சை எட்டாமல் இன்டர்கனெக்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

இதே காரணத்தால், இஎஸ்எக்ஸ்ஐ (பிளேடில் ஓடும் விஸ்ஃபியரின் அடிப்படை மென்பொருள்) ஹோஸ்டின் இரண்டு விநிக்குகளையும் சேர்த்து ஐபி ஹேஷ் முறையிலோ எல்ஏசிபி முறையிலோ ஒரே இணைப்பாகக் கட்டக் கூடாது. கீழே இருக்கும் இரண்டு இன்டர்கனெக்ட்களும் தரவைப் பொறுத்தவரை தனித்தனிச் சுவிட்சுகள். அவற்றுக்குக் குறுக்கே போர்ட் சேனல் (பல கேபிள்களைச் சேர்த்த ஒரே இணைப்பு) உருவாகாது. ஒரே விஎம்மின் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) சில நேரம் ஏ-விலும் சில நேரம் பி-யிலும் தோன்ற, மேல் சுவிட்ச் அதை மாறி மாறிக் கற்றுக்கொண்டு திணறும். போக்குவரத்து தொடங்கிய விர்ச்சுவல் போர்ட்டின் அடிப்படையில் பாதையைத் தேர்ந்தெடுக்கும் எளிய முறையே போதும். விநிக்கில் இருக்கும் ஃபேப்ரிக் ஃபெயிலோவர் (ஒரு பக்கம் விழுந்தால் தானே மறுபக்கம் மாறும்) வசதியையும் இஎஸ்எக்ஸ்ஐ-க்கு இயக்காமல் விட்டுவிடுங்கள். அது இயங்கினால் ஒரு பக்கம் விழுந்த செய்தியே ஹோஸ்டுக்குத் தெரியாமல் போகும்; பாதை மாற்றும் வேலையை ஹோஸ்டுக்குள் இருக்கும் மெய்நிகர் சுவிட்சான விசுவிட்சே பார்த்துக்கொள்ளட்டும். மேல் இணைப்புகள் எல்லாம் அறுந்தால் விநிக்கையும் லிங்க் டவுன் நிலைக்குக் கொண்டுபோகும்படி நெட்வொர்க் கன்ட்ரோல் பாலிசியில் அமைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) பயன்படுத்துவதாக இருந்தால், எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்று எல்லா இடத்திலும் எழுதிவிட்டோம் என்ற திருப்தியோடு நிறுத்தாமல், ஹோஸ்டிலிருந்து விஎம்கேபிங் என்னும் இணைப்புச் சோதனைக் கட்டளையைத் துண்டாக்கத் தடை விதிக்கும் விருப்பத்தோடு 8972 பைட் அளவில் ஓட்டிப் பாருங்கள். 9000-இல் ஐபி தலைப்புக்கு 20 பைட்டும் ஐசிஎம்பி தலைப்புக்கு 8 பைட்டும் கழிந்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். ஏ வழியாக ஒருமுறை, பி வழியாக ஒருமுறை ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்டோரேஜுக்கு வருவோம். ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு விஹெச்பிஏ (ஸ்டோரேஜ் நெட்வொர்க்குக்கான மெய்நிகர் அட்டை) கொடுத்து, ஒன்றை ஏ ஃபேப்ரிக்கிலும் மற்றதை பி ஃபேப்ரிக்கிலும் வையுங்கள். இரு பக்கங்களுக்கும் விசான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) எண்கள் வெவ்வேறாக இருக்கட்டும். விசானுக்கு ஒதுக்கும் எஃப்சிஓஇ (ஈதர்நெட் வழியே ஃபைபர் சேனல்) விலேன் (ஈதர்நெட்டின் தனிப் பிரிவு) எண், ஏற்கெனவே ஈதர்நெட்டில் புழங்கும் எந்த விலேன் எண்ணோடும் மோதக் கூடாது. மோதினால் அந்த விலேனின் போக்குவரத்து கைவிடப்படும். இன்டர்கனெக்ட் வழக்கமாக என்பிவி முறையில் (பிளேடுகளின் உள்நுழைவை மேல் சுவிட்சுக்கு அனுப்பும் முறை) இயங்குவதால், மேலுள்ள சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) சுவிட்சில் என்பிஐவி (ஒரே போர்ட்டில் பல முகவரிகளை ஏற்கும் வசதி) இயக்கப்பட்டிருந்தால்தான் பிளேடுகள் உள்நுழையும். இது விடுபட்டுப் போவதால் முதல் நாளிலேயே வேலை நின்றுபோகும் இடங்கள் ஏராளம்.

மேக், டபிள்யூடபிள்யூபிஎன் (விஹெச்பிஏவின் அடையாள எண்) முகவரிகளைக் குளங்களிலிருந்து (முன்பே ஒதுக்கிவைத்த எண் தொகுப்புகள்) ஒதுக்கும்போது அவற்றிலேயே பக்கத்தைப் பொறித்துவிடலாம். சிஸ்கோவின் மேக் குளங்கள் 00:25:பி5 என்றும், டபிள்யூடபிள்யூபிஎன் குளங்கள் 20:00:00:25:பி5 என்றும் தொடங்குகின்றன. அடுத்த இரண்டு இலக்கங்களை ஏ பக்கத்துக்கு ஏ0 என்றும், பி பக்கத்துக்கு பி0 என்றும் வைத்தால், நள்ளிரவில் சான் சுவிட்சின் பட்டியலில் ஒரு முகவரியைப் பார்த்த மாத்திரத்திலேயே அது சரியான ஃபேப்ரிக்கில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். பதினாறு அடி எண் முறையில் ஏ-வும் பி-யும் செல்லுபடியாகும் இலக்கங்களாக இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

ஸோனிங் (சானில் யார் யாரோடு பேசலாம் என்று வரையறுத்தல்) செய்யும்போது ஒரு ஸோனில் ஒரே ஒரு இனிஷியேட்டர் (ஸ்டோரேஜைக் கேட்கும் பக்கம், இங்கே விஹெச்பிஏ) என்ற விதியிலிருந்து விலகாதீர்கள். ஒவ்வொரு விஹெச்பிஏவையும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களிலும் ஒவ்வொரு போர்ட்டோடு சேர்த்தால், லன் ஒன்றுக்கு 4 பாதைகள் கிடைக்கும். அதற்கு மேல் பாதைகளைப் பெருக்குவதால் பெரிதாக நன்மை இல்லை. இஎஸ்எக்ஸ்ஐ 6.7-இல் ஒரு ஹோஸ்டுக்கு 1024 லன், 4096 பாதை என்று வரம்பு வைத்திருந்ததைப் பார்த்தால், லன் ஒன்றுக்குச் சராசரியாக 4 என்பதுதான் கணக்கு. ஒரே லன்னுக்கு எல்லா ஹோஸ்ட்களிலும் ஒரே லன் எண் இருக்கட்டும். ரவுண்ட் ராபின் (பாதைகளை மாறி மாறிப் பயன்படுத்தும்) முறை இயல்பாக 1000 ஐஓ-வுக்கு (படிக்கும், எழுதும் செயல்கள்) ஒருமுறைதான் பாதை மாறுகிறது. இதைக் குறைப்பதா என்பதை உங்கள் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் ஆவணத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். டேட்டாஸ்டோர் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால் எஸ்எக்ஸ்டாப்பில் (ஹோஸ்டின் செயல்திறனைக் காட்டும் கருவி) டிஏவிஜி, கேஏவிஜி என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். டிஏவிஜி ஏறினால் தாமதம் ஹெச்பிஏவுக்கு அப்பால், சான் சுவிட்சிலோ ஸ்டோரேஜிலோ இருக்கிறது. கேஏவிஜி ஏறினால் ஹோஸ்டுக்குள்ளேயே வரிசை நீள்கிறது. யாரை அழைப்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விஸ்ஃபியர் கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் ஹோஸ்ட்களின் குழு) வடிவமைக்கும்போது சேஸியையும் ஒரு பழுது எல்லையாக எண்ண வேண்டும். இரண்டு சேஸிகளில் பாதிப் பாதியாகப் பரவிய கிளஸ்டரில் ஒரு சேஸி போவதைத் தாங்க 50 சதவீதம் வளம் ஒதுக்க வேண்டும்; நான்கு சேஸிகளில் பரப்பினால் 25 சதவீதம் போதும். விஸ்ஃபியர் 4 காலத்தில் ஹெச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறிடத்தில் எழுப்பும்) அமைப்புக்கு 5 முதன்மை ஹோஸ்ட்கள் இருந்தன. அந்த ஐந்தும் ஒரே சேஸியில் அமைந்துவிட்டால், சேஸி விழும்போது விஎம்களை வேறிடத்தில் எழுப்ப ஆளே இருக்காது. 2011-இல் வந்த 5.0 அந்த முறையைக் கைவிட்டது. ஆனாலும் அதன் நிழல் இன்னொரு வடிவில் தொடர்கிறது. இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களை (பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்கள்) பிரித்து வைக்க டிஆர்எஸ்ஸில் (விஎம்களை ஹோஸ்ட்களுக்குப் பகிரும் வசதி) எழுதும் விதி, அவை வேறு வேறு ஹோஸ்ட்களில் இருக்கும் என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. இரண்டு ஹோஸ்ட்களும் ஒரே சேஸியில் இருப்பதை அது தடுக்காது. சேஸி வாரியாக ஹோஸ்ட் குழுக்கள் அமைத்து, விஎம் குழுவை ஹோஸ்ட் குழுவோடு பிணைக்கும் விதியை எழுதுவதே சரி.

சர்வீஸ் புரொஃபைல் (பிளேடின் அடையாளங்களையும் அமைப்புகளையும் தாங்கும் தொகுப்பு) இந்த அமைப்பின் மிகப் பெரிய பலம். யுயுஐடி (சர்வரின் அடையாள எண்), மேக், டபிள்யூடபிள்யூபிஎன் எல்லாம் புரொஃபைலில் இருப்பதால், பழுதான பிளேடிலிருந்து அதை எடுத்து உதிரி பிளேடில் பொருத்தினால், சானிலிருந்து பூட் ஆகும் ஹோஸ்ட் ஸோனிங்கில் கை வைக்காமலேயே எழுந்து வரும். ஆனால் அப்டேட்டிங் வகை டெம்பிளேட்டை (மாற்றம் அதிலிருந்து உருவான எல்லாப் புரொஃபைல்களுக்கும் பரவும் வகை) பயன்படுத்துபவர்கள் மெயின்டனன்ஸ் பாலிசியை யூசர் அக் (நிர்வாகி ஒப்புதல் தந்த பிறகே ரீபூட்) என்று வைத்திருக்கிறார்களா என்று இன்றே பார்ப்பது நல்லது. அது இமீடியட் என்று இருக்கும்போது, பயோஸ் பாலிசியில் செய்யும் ஒரு சிறு திருத்தம் அந்த டெம்பிளேட்டில் பிறந்த எல்லா பிளேடுகளையும் ஒரே நேரத்தில் ரீபூட் செய்யக்கூடும்.

இவ்வளவும் சோதனைக்கு உள்ளாவது ஃபர்ம்வேர் (சாதனங்களுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மேம்படுத்தலின்போதுதான். வரிசை இது: முதலில் யுசிஎஸ் மேனேஜர், பிறகு எக்ஸ்டெண்டர்களுக்குத் தொடக்கப் பதிப்பை மட்டும் குறித்துவைத்தல், அடுத்து துணை இன்டர்கனெக்ட், அதன் பிறகு முதன்மை இன்டர்கனெக்ட், கடைசியாக மெயின்டனன்ஸ் மோடில் ஒவ்வொன்றாக பிளேடுகள். துணை இன்டர்கனெக்ட் ரீபூட் ஆனதும் கிளஸ்டர் தயார் என்று திரையில் வந்துவிடும். அதை மட்டும் நம்பி அடுத்ததைத் தொடக் கூடாது. கிளஸ்டர் தயாரானது, பிளேடுகளின் ஃபைபர் சேனல் உள்நுழைவு முடிந்தது, இஎஸ்எக்ஸ்ஐ பாதைகளை மீண்டும் உயிரோடு கண்டது ஆகியவை மூன்று தனித்தனி நிகழ்வுகள். இவற்றுக்கிடையே பல நிமிடங்கள் கழியலாம். அந்த இடைவெளியில் முதன்மையை ரீபூட் செய்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாமல் போய், எல்லாப் பாதைகளும் அற்ற ஏபிடி நிலை உருவாகும். 140 விநாடிகளுக்குப் பிறகு ஹோஸ்ட், விஎம் சாராத ஐஓ-வைக் கைவிடத் தொடங்கும். ஆகவே சான் சுவிட்சில் உள்நுழைந்த முகவரிகளின் எண்ணிக்கையை வேலைக்கு முன் குறித்துவைத்து, அதே எண்ணிக்கை திரும்பியதா என்று ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஹோஸ்டிலும் லன் ஒன்றுக்கு 4 பாதைகள் இருக்கின்றனவா, அவற்றில் ஒன்றாவது டெட் என்று நிற்கிறதா என்று பாருங்கள். எல்லா ஹோஸ்ட்களிலும் இதை முடித்த பிறகே முதன்மை இன்டர்கனெக்டின் ரீபூட்டுக்கு ஒப்புதல் கொடுங்கள்.