பழைய பிரவுசரைக் கைவிடாமல் புது டிசைன்

பழைய பிரவுசரில் பக்கம் அப்படியே அச்சு அசலாகத் தெரிய வேண்டியதில்லை. படிக்க வந்தவர் படிக்க முடிந்தால் போதும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை குறையும்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு நல்ல குணம் உண்டு: பிரவுசர் தனக்குப் புரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அதனால் பழைய வரியை மேலே, புதியதை அதற்குக் கீழே எழுதுங்கள். உயரத்துக்கு முதலில் 100விஎச் (திரையின் முழு உயரம்), அடுத்த வரியில் 100டிவிஎச் (மொபைலில் முகவரிப் பட்டை வந்து போவதற்கேற்ப மாறும் முழு உயரம்). புதிய பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். பழையது முதல் வரியோடு நின்றுவிடும்.

பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் வசதியான கிரிட், 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி பிரவுசர்களுக்கு வந்துவிட்டது. அதற்கும் முந்தையவற்றுக்கு, பெட்டிகளை இடமோ வலமோ ஒதுக்கி நிறுத்தும் பழைய முறையான ஃப்ளோட் வைத்து எழுதுங்கள். கிரிட்டுக்குள் வந்த பெட்டிகளில் ஃப்ளோட் தானாகவே செல்லுபடியாகாது. ஆனால் ஃப்ளோட்டுக்காகக் கொடுத்த அகலம் செல்லுபடியாகும்! 33 சதவீதம் என்று கொடுத்திருந்தால், கிரிட் கட்டத்துக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்காகப் பெட்டி சுருங்கிக் கிடக்கும். நான் இதில் ஒரு மாலை முழுக்கத் தடுமாறியிருக்கிறேன். 'சப்போர்ட்ஸ்' விதிக்குள் (கிரிட் தெரிந்த பிரவுசருக்கு மட்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் விதி) அகலத்தை ஆட்டோவாக மாற்றினால் சரியாகிவிடும்.

பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இவ்வளவு பொறுமையானது அல்ல. புரியாத ஒரே ஒரு குறியீடு இருந்தாலும் அந்த ஃபைல் முழுவதும் ஓடாது. அதனால் மெனு, படிவம் போன்ற அத்தியாவசியங்களை பக்கத்தின் அடிப்படைக் கட்டமைப்பு மொழியான வெறும் எச்டிஎம்எல்லிலேயே வேலை செய்யும்படி அமைத்துவிட்டு, அப்புறம் மேலே அழகு சேருங்கள்.