பத்தாவது பசங்களுக்கு குரூப்பா கரியர் கவுன்சிலிங் பண்றது எப்படி

பத்தாவது ரிசல்ட் வந்த அப்புறம்தான் நம்ம ஊர்ல கரியர் பேச்சே ஆரம்பிக்குது, அது ரொம்ப லேட்டுங்க. மார்க் நல்லா இருந்தா பயோ மேத்ஸ், கம்மின்னா காமர்ஸ் இல்ல வொகேஷனல்னு வீட்ல முடிவு பண்ணிடறாங்க, புள்ளைக்கு எது புடிக்கும்னு யாரும் கேக்கறதில்ல. அதனால டீச்சர்ஸ், அரையாண்டு பரீட்சைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருங்க.

ஹால் நிறைய பசங்கள உக்கார வச்சு மைக்ல பேசறது வேணாம். எட்டு பத்து பேர், வட்டமா உக்காரணும், வாரம் ஒரு பீரியட், நாலஞ்சு வாரம் போதும்.

முதல் வாரம் கோர்ஸ் பேரே எடுக்காதீங்க. தெரிஞ்சவங்க யார் என்ன வேலை பாக்கறாங்க, அதுக்கு எப்படி போனாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லட்டும், டாக்டர் இன்ஜினியர் தாண்டி லேப் டெக்னீசியன், சர்வேயர்னு லிஸ்ட் தானா நீளும். பேச கூச்சப்படற புள்ளைங்களுக்கு சீட்டு குடுத்து எழுதச் சொல்லுங்க.

அடுத்து ஜான் ஹாலண்ட்ங்கற அமெரிக்க உளவியலாளர் சொன்ன ஆறு வகை ஆர்வம். கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவறது, ஆளுங்கள நடத்தறது, கணக்கு வழக்கு ஒழுங்கா வச்சுக்கறது. தனக்கு எதுன்னு அவங்களே ரெண்டு டிக் பண்ணட்டும், அப்புறம் கூட இருக்கறவங்க சொல்லட்டும். "டேய் நீ மிக்ஸி ரிப்பேர்ல கில்லாடிடா"ன்னு ஃப்ரெண்டு சொல்றப்ப அந்த பையன் மூஞ்சிய பாருங்க, தனியா கூப்ட்டு கவுன்சிலிங் பண்ணா இது கிடைக்காது, குரூப்பா பண்றதே இதுக்குத்தான்.

அப்புறம் போர்டுல வழிய வரைஞ்சு காட்டுங்க. பி.இ. கட் ஆஃப் 200க்கு, மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அதனால மேத்ஸ விடறதுக்கு முன்னாடி யோசிக்கணும். பத்தாவது முடிச்சு 3 வருஷம் பாலிடெக்னிக் படிச்சா நேரா பி.இ. ரெண்டாவது வருஷம் சேரலாம், இது நிறைய பேரன்ட்ஸ்க்கு தெரியவே தெரியாது. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை அரசுப் பள்ளில படிச்சா மெடிக்கல், இன்ஜினியரிங் மாதிரி படிப்புகள்ல 7.5% இட ஒதுக்கீடு இருக்கு, அப்படி அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்க காலேஜ் சேந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, காசில்லன்னு படிப்ப நிறுத்தற வீடுகளுக்கு இத கட்டாயம் சொல்லுங்க.

கடைசி வாரம் அப்பா அம்மாவ வரச் சொல்லுங்க. புள்ள எழுதின பேப்பர புள்ளயே படிக்கட்டும், முதல் ஆப்ஷன், அது கிடைக்கலன்னா ரெண்டாவது, ஏன் இதுன்னு காரணத்தோட. நீங்க நடுவுல பேசாதீங்க, பேரன்ட்ஸ் கேள்வி கேட்டா மட்டும் விளக்குங்க. அந்த பேப்பர பத்திரமா வச்சிருந்து ரிசல்ட் வந்ததும் அட்மிஷன் ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடி அதே குரூப்ப இன்னொரு தடவ கூப்ட்டு மார்க்கோட சேத்து பாருங்க.