சினை பார்த்த கை கருவைக் கலைக்குமா?

"டாக்டர் ஆசனவாய் வழியாகக் கை விட்டுச் சினை பார்த்தார், அடுத்த மாதமே மாடு மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது." தென்னாப்பிரிக்காவில் தொங்காட், வெருலம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இப்படிச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பழி பெரும்பாலும் தப்பான இடத்தில் விழுகிறது. மாட்டில் கலைந்துபோகும் கருக்களில் அதிகம் முதல் 3 வாரத்துக்குள்ளேயே, யாரும் கை வைப்பதற்கு முன்பே போய்விடுகின்றன. அதற்குப் பிறகும் சில கலையும். 35ஆம் நாள் சினை என்று சொன்ன மாடு 60ஆம் நாள் வெறுமையாக இருந்தால், சோதிக்காமல் விட்டிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கலாம். அதனால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு முறை பாருங்கள்.

கையால் கெடுதலே வராது என்றும் சொல்லமாட்டேன். 35 நாளில் பனிக்குடம் கோலிக்குண்டு அளவுதான், அதைப் பிடித்து நசுக்கினால் கரு செத்துவிடும். கை விட்டுப் பார்க்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்க, 3 மாதம் தாண்டிய சினையில் பழகுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, தோள்வரை கையுறை போட்டு, வழுவழுப்பு நிறையத் தடவி, மாட்டைக் கூண்டில் அசையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். மாடு முக்கும்போது கையைத் தள்ளாதீர்கள், குடல் தளரும்வரை பொறுங்கள். கையுறையில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கு அதோடு சரி. மாட்டுக்கு மாடு கையுறையை மாற்றுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு: அவசரத்தில் "வெறுமை" என்று சொல்லிவிட்டு, பருவத்துக்கு வரவைக்க புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடுவது. சினை இருந்தால் அந்த ஊசியே கலைத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஊசி வேண்டாம், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேன் எடுங்கள். அது 30ஆம் நாளிலேயே காட்டிவிடும்.

அப்புறம், ஐந்து மாதச் சினைக்கு மேல் மாடு கன்றை வீசினால் அது புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோயாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள், நாயை அண்டவிடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், அந்த மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டு அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 4 முதல் 8 மாதக் கிடேரிகளுக்கு இதற்கான தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். உங்கள் கிடேரிக்கு எட்டு மாதம் நெருங்குகிறதென்றால் இந்த வாரமே போன் செய்யுங்கள்.