இரண்டடித் தொட்டிக்கு மூன்று மீன் போதும்

என் வீட்டுக் கடல்மீன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப்படி 70 லிட்டர். மணலும் பாறையும் இறங்கிய பிறகு உள்ளே நிற்கும் தண்ணீர் 55 லிட்டர்தான். மூன்று மீனுக்கு மேல் அதில் விடமாட்டேன். "இவ்வளவு செலவுக்கு மூன்றா? குழம்புக்குக்கூட ஆகாதே" என்று அம்மா இன்றும் கேட்கிறார்.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது டாம்சல் என்ற ஒரு சின்னக் கடல்மீன். தொட்டி வைத்த புதிதில் கடைக்காரர், "முதலில் முரட்டு மீன் ஒன்றை விடுங்கள், தண்ணீர் பழகட்டும்" என்றார். வெள்ளை உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, கட்டைவிரல் நகத்தளவு. பார்க்க அப்பாவி. ஒரு மாதம் கழித்து இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். மறுநாள் காலை அவற்றில் ஒன்று வால் கிழிந்து, கண்ணாடி மூலையில் முகத்தைப் புதைத்து நின்றது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். மீன் தொட்டியில் அது தலைகீழ். முதலில் குடிவந்தவன் வைத்ததே சட்டம். அந்த டாம்சலை வலையில் பிடிக்க முடியவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பாறைகளை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றி, தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிய பிறகுதான் சிக்கியது.

தண்ணீர் பழக மீன் தேவையே இல்லை. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டால் போதும். நான்கு முதல் ஆறு வாரத்தில், கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா பாறையில் பிடித்துவிடும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் என்ற அந்த நஞ்சுகள் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் கடைக்குப் போங்கள்.

கடையில் நிற்கும் மீனின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வளர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். என் மகன் ஆசைப்பட்ட நீல டேங் மீன் அங்கே ஐந்து ரூபாய் நாணயம் அளவில்தான் இருந்தது. முழு வளர்ச்சியில் அது 30 சென்டிமீட்டர் வரை போகும், நாளெல்லாம் நீந்தித் திரியும். என் தொட்டியில் விட்டால் திரும்பக்கூட இடமிருக்காது. மாண்டரின் மீனுக்குச் சிக்கல் வேறு. விரலளவுதான் இருக்கும், சாது, அழகோ அழகு. ஆனால் பாறையில் ஊரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத கூனிப்பூச்சிகளையே பெரும்பாலும் தின்னும். சிறிய தொட்டியில் அந்த இரை சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு நம் கண்ணெதிரே வயிறு ஒட்டி இளைக்கும். வண்ணத்துப்பூச்சி மீன், விஷமுள் உள்ள சிங்க மீன் பக்கமும் போகவேண்டாம். கடல்குதிரை வேண்டும் என்று யாராவது கேட்டால், அது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்று சொல்லிவிடுங்கள்.

என் தேர்வு இரண்டு கோமாளி மீன், ஃபயர் ஃபிஷ் என்ற ஒல்லியான சிறு மீன் ஒன்று. கோமாளி எட்டு, ஒன்பது சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பண்ணையில் பொரித்த குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலேயே இதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சு பிறந்தது முதல் தொட்டியிலேயே வளர்வதால் கொடுத்த தீனியைத் தின்னும். ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று வாங்கவேண்டும். கோமாளி எல்லாமே ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியதாக இருப்பது பெண்ணாக மாறிவிடும். ஒரே அளவில் இரண்டை விட்டால் யார் பெரியவர் என்று தீரும்வரை கடித்துக்கொள்ளும். கடலில் அது ஒண்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) தொட்டியில் கட்டாயம் இல்லை. என் கோமாளிகள் ஃபில்டர் குழாயின் மறைவில்தான் தூங்குகின்றன.

ஃபயர் ஃபிஷ் பயந்த சுபாவம். மிரண்டால் துள்ளி வெளியே விழும். முதலில் வாங்கியதை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கருவாடாகத்தான் கண்டெடுத்தேன். அன்றே கொசுவலைத் துணியைச் சட்டத்தில் அடித்து மூடிவிட்டேன். கண்ணாடி மூடியை விட வலையே நல்லது. சென்னை வெயிலுக்குத் தொட்டியின் மேல் சிறிய ஃபேன் ஓடியாக வேண்டும். மே மாதத்தில் ஃபேன் இல்லாவிட்டால் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. 26, 27-இல் நிற்பது நல்லது. காற்றில் குறையும் தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை.

கடையில் மீனைக் காட்டியதும் கவரில் போடச் சொல்லாதீர்கள். ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடிவந்து தின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டியிருந்தாலோ, உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, செவுள் வேகமாக அடித்துக்கொண்டாலோ வேண்டாம். வந்து இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். நான் அதற்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன்.

விடும் வரிசை முக்கியம். ஃபயர் ஃபிஷ் முதலில், அது பொந்து பிடித்து இரண்டு வாரம் ஆனதும் கோமாளிகள் இரண்டும் ஒன்றாக. விடும் அன்று விளக்கை அணைத்துவிடுங்கள். காலையில் ஃபயர் ஃபிஷ் கண்ணில் படாவிட்டால் பாறையைப் புரட்டித் தேடவேண்டாம். பசித்தால் தானே தலைநீட்டும். என்னுடையது மூன்றாம் நாள்தான் வந்தது.