தைப்பூசத்தில் முதன்முறையாகப் பால்குடம் எடுப்போருக்கு

சிங்கப்பூரில் முதன்முறையாகப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள், செராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை நடக்க வேண்டிய தூரத்தை எண்ணியே கலங்குகிறார்கள். அது மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான், பெரியவர்களும் நடந்துவிடுகிறார்கள். உண்மையான ஆயத்தம் முந்திய வாரங்களில் இருக்கிறது.

விரத நாள்களின் எண்ணிக்கை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரு மண்டலமாகிய 48 நாள் இருப்போரும் உண்டு, அதைவிடக் குறைவாக இருப்போரும் உண்டு. எத்தனை நாள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். இடையில் கூட்டுவதும் குறைப்பதும் மனத்தை அலைக்கழிக்கும். அந்நாள்களில் புலால் தவிர்த்து, எளிய சைவ உணவு உண்டு, காலையும் மாலையும் முருகனை வழிபட்டு வருவது போதும். வேலைக்குச் செல்வோர் உடல்நிலைக்கு ஏற்றவாறு உண்ண வேண்டும் என்பதே என் கருத்து. பட்டினியால் மயங்கி விழுவது விரதமாகாது.

1968ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் இங்கே பொது விடுமுறையாக இல்லை என்பதால், விடுப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். பால்குடச் சீட்டையும் கடைசி நாள்வரை தள்ளிப்போட வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் கோயிலை அடையும்படி நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெறுங்காலுடன் நடப்பவருக்குச் சூடேறிய தார்ச்சாலைதான் பெரிய சோதனை. பழக்கமில்லாதவர்கள் சில வாரங்கள் முன்பிருந்தே வெறுங்காலுடன் சிறிது நடந்து பழகலாம்.

இயன்றால் தைப்பூசத்துக்கு முந்திய நாள் நடக்கும் செட்டிப் பூசத்தையும் பாருங்கள். முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் ஆலயத்துக்கு எழுந்தருளி, மாலையில் திரும்புவதைக் கண்டவருக்கு, மறுநாள் தாம் யாரை நாடி நடக்கிறோம் என்பது நெஞ்சில் பதிந்துவிடும்.

மறுநாள் மஞ்சள் உடை உடுத்தி, குடத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவர் உடன் வரட்டும். தண்ணீர், துண்டு, செருப்பு ஆகியவற்றை அவரிடம் கொடுத்துவிட்டால் உங்கள் இரு கைகளும் குடத்துக்கே உரியவையாகும். பால் அபிஷேகத்துக்குச் சென்றபின் அன்னதானம் உண்டு இளைப்பாறுங்கள். விரதத்தை அன்றே முடித்துவிடலாமா என்பதையும் பெரியவர்களிடமே கேளுங்கள். காவடி எடுத்தவர்களில் பலர் முதன்முதலில் காவடி சுமந்தவனாகப் போற்றப்படும் இடும்பனுக்குச் செய்யும் பூசை முடிந்த பின்னரே விரதத்தை நிறைவுசெய்கின்றனர்.